குறி பார்க்கும் கண்ணாடி



திருச்சிராப்பள்ளிக்கும் துப்பாக்கிக்கும் உள்ள தொடர்பு நேற்று முளைத்ததன்று. 1966ஆம் ஆண்டில் இந்நகரின் புறத்தே படைக்கலத் தொழிற்சாலை தோன்றியது. ரைபிள் செய்யும் தொழில் அதனோடு இவ்வூருக்கு வந்து சேர்ந்தது. விளையாட்டுத் துறையிலும் நம் நகர் பின்தங்கிவிடவில்லை. மன்னார்புரத்தை அடுத்த கே.கே. நகரில் உள்ள ரைபிள் கழகத்தில், 2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், 47ஆவது தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடைபெற்றது. திரைப்பட நடிகர் அஜித்குமாரும் அதில் கலந்துகொண்டமையால், அதுகாறும் இவ்விளையாட்டைப் பற்றி அறியாதிருந்தோரும் அதனைப் பற்றிப் பேசத் தொடங்கினர்.

அவ்வாறு நாட்டம் கொண்ட மாணவர்கள் சிலர் மன்னார்புரத்தில் என் இல்லத்திற்கும் வருவதுண்டு. நான் இயற்பியல் கற்பித்தவன் என்பதால், அவர்கள் கேட்கும் வினாக்களும் பெரும்பாலும் கருவிகளைப் பற்றியனவாகவே இருக்கும். அவற்றுள் ஒரு வினாவே இன்றைய பேச்சின் பொருள். “ஐயா, தொலைதூரக் குறியைச் சுடுவதற்கு நடுத்தர விலையில் வாங்கத்தக்க ஸ்கோப் எது?” என்பதே அது. துப்பாக்கியின்மேல் பொருத்திக் குறி பார்க்கும் தொலைநோக்கியையே சுடுநர்கள் ஸ்கோப் என்று வழங்குகின்றனர்.

ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் இன்று சொல்லும் பெயர் நாளை சந்தையில் இராமற் போகலாம். ஒரு கருவியை மற்றொன்றோடு எவ்வாறு ஒப்பிடுவது என்பதை அறிந்துகொண்டால், அந்த அறிவு என்றும் உடனிருக்கும். ஆகவே பெயர்களைப் பின்னர்ச் சொல்கிறேன். அளவுகோலை முதலில் சொல்கிறேன்.

முதற்கண் ஓர் ஐயத்தைக் களைய வேண்டும். ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் துப்பாக்கியின்மேல் தொலைநோக்கி பொருத்துவதற்கு இடமில்லை. 2008இல் பெய்ஜிங்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்ற அபிநவ் பிந்திராவும், 2024இல் பாரிசில் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலேயும், சிறு துளை வழியே பார்த்தே குறி வைத்தனர். 10 மீட்டர் போட்டியில் பத்து மதிப்பெண்ணுக்குரிய நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்! ஆகவே கழகத்திற் புதிதாகச் சேரும் மாணவர் ஸ்கோப் வாங்குவதற்கு விரைய வேண்டுவதில்லை.

அப்படியாயின் ஸ்கோப் எங்கே பயன்படுகிறது? மிகத் தொலைவில் உள்ள தாட்குறிகளைச் சுடும் போட்டிகளில் பயன்படுகிறது. அவற்றுள் ‘எஃப் கிளாஸ்’ எனப்படுவது குறிப்பிடத்தக்கது. கனடா நாட்டு ஜார்ஜ் ஃபார்குவர்சன் என்பவர் தோற்றுவித்தமையால், அவர் பெயரின் முதலெழுத்தே போட்டியின் பெயராயிற்று. தரையிற் படுத்து, துப்பாக்கியைத் தாங்கியின்மேல் வைத்து, 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் தொலைவு வரையிலும் அதற்கு அப்பாலும் சுடுவர். 1000 கெஜத்தில் அமெரிக்க முறைக் குறியின் பத்து மதிப்பெண் வட்டம் 10 அங்குல விட்டமுடையது. அதனுள் அமைந்த நடுவட்டம் 5 அங்குலம்.

இவ்வளவு தொலைவை அங்குலத்தால் எண்ணுவதைவிடக் கோணத்தால் எண்ணுவதே முறை. ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் வருவது ஒரு கோண நிமிடம். 100 மீட்டர் தொலைவில் அது 2.9 சென்டிமீட்டர், 1000 கெஜத்தில் ஏறத்தாழ 10½ அங்குலம். நமக்குத் தெரிந்த இடத்தை வைத்தே இதை விளக்குகிறேன். மன்னார்புரத்தில் உயர்ந்த மாடி ஒன்றிலிருந்து வடக்கே நோக்கினால், சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில் மலைக்கோட்டை நிற்கிறது. அம்மலையின் உயரம் 83 மீட்டர். இடையே கட்டடங்கள் மறைக்காவிடில், அடிமுதல் முடிவரை அது நம் கண்ணில் ஏறத்தாழ 71 நிமிடக் கோணத்தை அடைக்கும். முழுநிலவின் வட்டம் அடைப்பது ஏறத்தாழ 31 நிமிடமே. அத்தொலைவில் ஒரு நிமிடம் என்பது 116 சென்டிமீட்டர். உச்சிப்பிள்ளையார் கோயில் வாயிலில் வைத்த ஒரு பெரிய குத்துவிளக்கின் உயரம் என்று கொள்ளலாம். 1000 கெஜத்திலுள்ள பத்து மதிப்பெண் வட்டமும் சுடுநர் கண்ணுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான். நல்ல கண் பிரித்தறியக்கூடிய எல்லையும் ஏறத்தாழ ஒரு நிமிடமே. வெறுங்கண்ணால் ஏன் முடியாது, தொலைநோக்கி ஏன் வேண்டும் என்பது இப்போது விளங்கும்.

இனி, இக்கருவியின் உள்ளமைப்பைக் காண்போம். குறியை நோக்கியிருக்கும் பெரிய வில்லை, தொலைவிலுள்ள பொருளின் உருவத்தைக் குழலினுள் ஒரு தளத்தில் வீழ்த்துகிறது. கெப்ளர் 1611இல் விளக்கிய இருகுவி வில்லைத் தொலைநோக்கியின் தத்துவம் இதுவே. அவ்வுருவம் தலைகீழாக இருக்கும். அதை நிமிர்த்துவதற்கு இடையே ஒரு சிறு குழலில் வேறு வில்லைகள் உள்ளன. கண்ணருகில் உள்ள வில்லை அதைப் பெருக்கிக் காட்டுகிறது. உருவம் விழும் தளத்தில் ஒரு நுண்ணிய இழையை வைத்தால், பொருளும் இழையும் ஒருங்கே தெளிவாகத் தெரியும். இவ்வுண்மையைப் பயன்படுத்தியவர் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வில்லியம் காஸ்காயின் என்னும் ஆங்கிலேயர். அவருடைய தொலைநோக்கியினுள் ஒரு சிலந்தி நூல் இழைத்ததே அவருக்கு அவ்வெண்ணத்தைத் தந்ததென்பர். வானத்து மீன்களை அளப்பதற்குப் பிறந்த அந்தக் குறுக்கிழையே இன்று ஸ்கோப்பினுள் இருக்கிறது.

ஸ்கோப்பின் மேற்புறத்தும் பக்கத்தும் இரு திருகுகள் உள்ளன. அவற்றைத் திருகும்போது நான் சொன்ன சிறு குழல் மயிரிழை மயிரிழையாக நகர்கிறது. குறி விழும் இடமும் மாறுகிறது. ஒவ்வோர் அசைவுக்கும் ‘கிளிக்’ என்று ஓர் ஒலி கேட்கும். இந்தத் திருகில்தான் கருவியின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து. அதற்குக் காரணம் கூறுகிறேன்.

.308 ரகத் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 100 கெஜத்திற்குச் சரிசெய்த துப்பாக்கியால் 1000 கெஜத்தில் சுட வேண்டுமாயின், குண்டு புவியீர்ப்பால் தாழ்வதை ஈடுசெய்ய, தோட்டாவுக்கேற்ப 35 முதல் 40 நிமிடம் வரை மேல்திருகை ஏற்ற வேண்டும். திருகில் 40 என்று காட்டும்போது குழல் உண்மையில் 39.2 நிமிடமே நகர்ந்திருந்தால்? நூற்றுக்கு இரண்டு பங்குதான் பிழை. 100 மீட்டரில் அது 2.3 சென்டிமீட்டர், யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். 1000 கெஜத்திலோ அது 21 சென்டிமீட்டராகிவிடும். பத்து மதிப்பெண் வட்டத்தின் ஆரம் 12.7 சென்டிமீட்டர்தானே! நடுவைக் குறிவைத்த குண்டு வட்டத்திற்கு வெளியே போய் விழும். சுடுநரிடம் பிழையில்லை, வில்லையிலும் பிழையில்லை, திருகு சொன்ன சொல்லைக் காக்கவில்லை.

இப்போது கடைவீதியில் பெரிதும் பேசப்படும் உருப்பெருக்கத்திற்கு வருவோம். “60 மடங்கு பெருக்குவது 25 மடங்கு பெருக்குவதைவிடச் சிறந்ததல்லவா?” என்று மாணவர் ஒருவர் என்னைக் கேட்டார். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். வோர்டெக்ஸ் கோல்டன் ஈகிள் என்னும் கருவி 15 முதல் 60 மடங்கு வரை பெருக்குவது. வில்லை 52 மில்லிமீட்டர். 60 மடங்கில் ஒளிக்கற்றை 0.87 மில்லிமீட்டரே. சைட்ரான் எஸ்-III வரிசையில் 10 முதல் 50 மடங்கும் 60 மில்லிமீட்டர் வில்லையும் கொண்டதில், 50 மடங்கில் அது 1.2 மில்லிமீட்டர். நெடுங்காலம் பெயர்பெற்றிருந்த வீவர் டி-36, மாறாத 36 மடங்கும் 40 மில்லிமீட்டர் வில்லையும் உடையது, அதில் 1.1 மில்லிமீட்டர். வோர்டெக்ஸ் வைப்பர் பி.எஸ்.டி. 5 முதல் 25 மடங்கு. வில்லை 50 மில்லிமீட்டர். 25 மடங்கில் 2 மில்லிமீட்டர். நண்பகல் வெளிச்சத்தில் நம் கண்மணியின் திறப்பே 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான். ஒளிக்கற்றை அதனினும் மிகக் குறுகும்போது காட்சி மங்குகிறது. தலை சிறிதே அசைந்தாலும் இருள் சூழ்கிறது.

அன்றியும், உருவத்தைப் பெருக்கும் கண்ணாடி கானலையும் பெருக்குகிறது. சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடக்கும் நம் திருச்சியில், காலை பத்து மணிக்குமேல் திறந்தவெளியில் ஒரு தொலைநோக்கியை நீட்டிப் பாருங்கள். தொலைவிலுள்ள எழுத்துகள் நீருக்கடியில் கிடப்பனபோல் நெளியும். அவ்வேளையில் 60 மடங்கு வைத்திருப்பவரும் அதனை 30க்கோ 35க்கோ குறைத்துக்கொள்வதே வழக்கம். பயன்படுத்த இயலாத பெருக்கத்திற்கு நாம் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

துரோணர் வைத்த தேர்வில், பறவையின் கண்ணன்றி வேறொன்றும் தெரியவில்லை என்றான் அருச்சுனன். அவன் நின்ற தொலைவுக்கு அது பொருந்தும். 1000 கெஜத்திற் சுடுபவருக்கோ பறவையின் கண் மட்டும் தெரிந்தாற் போதாது. காற்றும் தெரிய வேண்டும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, .308 குண்டை அத்தொலைவில் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் தள்ளிவிடும். கொடிகள் பறப்பதையும் கானல் சாயும் திசையையும் நோக்கியே சுடுநர் காற்றை மதிப்பிடுகிறார். மிகுந்த பெருக்கம் பார்வைப் புலத்தைக் குறுக்கி, இச்சான்றுகளை மறைத்துவிடுகிறது.

அடுத்து, கிளிக்கின் அளவு. நான் கூறியவற்றுள் கோல்டன் ஈகிளும் டி-36உம் கிளிக்குக்கு எட்டில் ஒரு நிமிடம் நகர்வன. 1000 கெஜத்தில் அது 3.3 சென்டிமீட்டர். வைப்பர் பி.எஸ்.டி.யில் கால் நிமிடம் நகர்வதும் உண்டு. மில்லிரேடியனில் பத்தில் ஒரு பங்கு நகர்வதும் உண்டு. கால் நிமிடம் 6.6 சென்டிமீட்டர், மில்லிரேடியனின் பத்தில் ஒன்று 9.1 சென்டிமீட்டர். நடுவட்டமே 12.7 சென்டிமீட்டர் என்னும்போது, நுண்ணிய கிளிக்கே தாட்குறிக்கு ஏற்றது. ஆயினும், பல தொலைவுகளில் மாறி மாறிச் சுடுவோர்க்கு மில்லிரேடியன் வசதியானது. 100 மீட்டரில் ஒரு மில்லிரேடியன் 10 சென்டிமீட்டர், 1000 மீட்டரில் ஒரு மீட்டர் என்று மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

குறுக்கிழை முதற் குவியத் தளத்தில் இருந்தால், உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது இழையும் தடிக்கும். இழையிலுள்ள அளவுக்கோடுகள் எந்நிலையிலும் மெய்யளவு காட்டும். இரண்டாம் குவியத் தளத்தில் இருந்தால் இழை எப்போதும் மெல்லியதாகவே நிற்கும். தொலைவு முன்னரே தெரிந்த போட்டிக்கு இரண்டாவது முறையே நன்று. குறியின் நடுவை இழை மறைக்காது.

இடமாறு தோற்றப் பிழையை ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்றிருப்பீர்கள். சுவர்க்கடிகாரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் முள் வேறு நிமிடத்தைக் காட்டுவதுபோல் தோன்றுமல்லவா? உருவம் விழும் தளமும் இழை இருக்கும் தளமும் பொருந்தாவிடில், ஸ்கோப்பிலும் அதுவே நிகழும். இதைச் சரிசெய்வதற்கென ஒரு குமிழோ வளையமோ உண்டு. அது சீராகச் சுழல்கிறதா, தலையை மேலும் கீழும் அசைத்தால் இழை குறியைவிட்டு நகராமல் நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

எடையையும் மறத்தலாகாது. எஃப் கிளாஸின் ஒரு பிரிவில் துப்பாக்கி 8.25 கிலோகிராமுக்கும், மற்றொரு பிரிவில் 10 கிலோகிராமுக்கும் மேற்படலாகாது. ஸ்கோப்பின் எடையும் அதனுள் அடங்கும். டி-36 அரைக் கிலோவுக்கும் குறைவு. கோல்டன் ஈகிள் 800 கிராமுக்கும் மேல்.

இனி என் தீர்ப்பைக் கூறிவிடுகிறேன். உயர்ந்த விலைக் கருவிகள் ஓரங்களிலும் தெளிவு குன்றாத கண்ணாடியைத் தருகின்றன. நீண்ட உழைப்பையும் தருகின்றன. ஆனால் தாட்குறி சுடுபவர் நோக்குவது காட்சியின் நடுப்பகுதியையே. அங்கே நடுத்தர விலைக் கருவி பெரிதும் பின்தங்குவதில்லை. எனவே, குறைந்த பணத்தை வைத்திருப்பவர் அதைத் திருகின் நேர்மைக்கும் இடமாறு குமிழின் சீர்மைக்கும் செலவிட வேண்டும். எட்டாத பெருக்கத்திற்குச் செலவிடலாகாது. 1000 கெஜத் தாட்குறி ஒன்றே நோக்கமாயின், 30 முதல் 40 மடங்கில் தெளிவாகத் தெரிவதும், எட்டில் ஒரு நிமிடக் கிளிக் உடையதும், மெல்லிழை கொண்டதுமான கருவி போதும். மாறாப் பெருக்கமுடைய டி-36 போன்றவற்றில் அசையும் உறுப்புகள் குறைவு. பழுதுக்கும் இடம் குறைவு. ஆயினும் அதன் குழல் ஓரங்குலமே ஆதலால், திருகு ஏறும் எல்லை போதுமா என்று பார்த்து, வேண்டுமாயின் சாய்வான அடித்தட்டைப் பொருத்த வேண்டும். பல தொலைவுகளில் சுட விரும்புவோர் 5 முதல் 25 மடங்கு வகையை நாடலாம்.

ஆனால் ஒரே நிறுவனம் ஒரே நாளிற் செய்த இரண்டு கருவிகளும் ஒன்றுபோல் இருக்குமென்று உறுதி சொல்ல இயலாது. ஆகவே எதை வாங்கினாலும் அளந்து பார்க்க வேண்டும். இதற்குத் துப்பாக்கி வேண்டா, தோட்டா வேண்டா, உங்கள் கல்லூரி மைதானமும் இயற்பியல் ஆய்வுக்கூடமும் போதும். ஸ்கோப்பை மட்டும் கனமான இரும்புப் பிடியில் அசையாமல் இறுக்குங்கள். சரியாக 100 மீட்டர் அளந்து, அங்கே ஒரு சுவரில் இரண்டு மீட்டர் நீள அளவுகோலைத் தூக்குக்குண்டு நூலுக்கு இணையாகத் தொங்கவிடுங்கள். இழையை ஓர் அளவில் நிறுத்தி, எட்டில் ஒரு நிமிடக் கருவியாயின் 320 கிளிக் திருகுங்கள். 40 நிமிடம் ஆயிற்று. இழை 116.4 சென்டிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். மீண்டும் 320 கிளிக் பின்னோக்கித் திருகுங்கள். தொடங்கிய இடத்திற்கே வந்ததா? பத்து முறை செய்து, பத்து அளவுகளையும் எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு முறையும் 114 சென்டிமீட்டரே வந்தால் மனந்தளர வேண்டா. அது முறையான பிழை. திருகைச் சற்று மிகுதியாக ஏற்றுவதற்கு ஓர் அட்டவணை எழுதிக்கொண்டால் அக்கருவி உங்களுக்கு நன்கு உழைக்கும். ஒருமுறை 114, மறுமுறை 117, பிறிதொருமுறை 115 என்று வந்தாலோ, அது ஒழுங்கற்ற பிழை. எத்துணைத் தெளிவான கண்ணாடியாயினும், எத்துணைப் புகழ்பெற்ற பெயராயினும், அக்கருவியை விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எப்போதும் ஒரே அளவாகத் தவறுபவரோடு கணக்குப் பார்த்து வாழ்ந்துவிடலாம். நாளுக்கொரு விதமாகத் தவறுபவரை நம்பி எதையும் செய்ய இயலாது. இது கருவிகளுக்கும் பொருந்தும்.

முடிக்குமுன் இரண்டு எச்சரிக்கைகள். எந்தத் தொலைநோக்கியையும் சூரியனை நோக்கித் திருப்பலாகாது; கண்ணொளி போய்விடும். துப்பாக்கியின்மேல் பொருத்தப்பட்ட ஸ்கோப்பைக் கொண்டு குறித்தாளையன்றி வேறெதனையும், விளையாட்டுக்காகவேனும், நோக்கலாகாது. ஏனெனில் கண்ணாடி திரும்பும் திசையிலேயே குழல்வாயும் திரும்புகிறது. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் ரைபிளுக்கு உரிமம் வேண்டுமென்று விதித்திருப்பதும், கழகங்களில் பயிற்றுநர் மேற்பார்வையின்றிச் சுடுவதற்கு இடமளிக்காததும் இக்காரணம் பற்றியே.

கருவியை வாங்குவதற்குப் பணம் வேண்டும். அது எல்லோரிடமும் இராது. கருவியை அளப்பதற்கு ஒரு நூலும், ஓர் அளவுகோலும், பத்து முறை செய்து பார்க்கும் பொறுமையும் போதும். அவை எந்தக் கல்லூரி மாணவர்க்கும் எளிதிற் கிட்டுவனவே.